ராணியின் காலுக்கு வேப்பெண்ணெய்

போன வாரம் என் மகள் என்னை தி.நகரில் ஓர் அழகு நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் நாத்தனாருக்குக் கல்யாணம் வருகிறது. "அம்மா, உன் குதிகால் வெடிப்புல பட்டுப்புடவை மாட்டிக்கிட்டுக் கிழியப்போகுது" என்று ஒரே பிடிவாதம். பாண்டி பஜார் பக்கத்தில் மாடியேறிக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் உள்ளே மார்கழி மாசத்துக் குளிர். என்னைப் பெரிய நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, சோப்பு நுரை கலந்து, காலை உள்ளே வைக்கச் சொன்னார்கள். கொஞ்சம் ஊறியதும் ஒரு பெண் வந்து எதிரே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் சின்ன பிரஷ்ஷை எடுத்தாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

"கூச்சமா இருக்கா ஆன்ட்டி?"

"இல்லம்மா. எங்க வீட்டுக் கோழி ஞாபகம் வந்துடுச்சு."

அந்தப் பெண் என் மகளைப் பார்த்தாள். மகள் அவசரமாகச் செல்போனுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

சிரித்ததை அவர்கள் பார்த்தார்கள். உள்ளே எரிந்த வயிற்றை யார் பார்த்தது? அந்தக் கோழி செத்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. பேரன் எடுத்த பிறகும் ஒரு செத்த கோழியின் மேல் பொறாமைப்படுகிற பொம்பளை இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள், எரியுமா எரியாதா என்று.

நான் மயிலாப்பூரில் குளத்தை ஒட்டிய சந்து ஒன்றில், ஒண்டுக் குடித்தனத்தில் வளர்ந்தவள். எங்களுக்குக் கோழி என்றால் ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து பையில் வருவது. கால் முளைத்து, நடந்து, நம்மை முறைத்துப் பார்க்கிற கோழியைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் திருவல்லிக்கேணி மேன்ஷனில் பல வருஷம் ஒண்டிக்கட்டையாக இருந்துவிட்டு, கல்யாணம் நிச்சயமானதும் பாலவாக்கத்தில் கடலுக்குப் பக்கமாக ஓட்டு வீடு ஒன்று பிடித்தார். அப்போது அந்தப் பக்கம் தெருவெல்லாம் மணல். புடவைக் கொசுவத்தில் மணல், சோற்றுப் பானையில் மணல். நான் குடிபோகும் முன்பே அங்கே ஒருத்தி குடியேறியிருந்தாள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா, புதுக்குடித்தனம் விளங்கட்டும் என்று கொடுத்த செவலைப் பெட்டை. அவர் அதற்கு ராணி என்று பெயர் வைத்திருந்தார். என்னை அவர் கூப்பிடுவது "இந்தா."

"இந்தா, தண்ணி கொண்டா." "இந்தா, சட்டை எங்க?" இப்படித்தான். மனிதர் கெட்டவரில்லை. கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. பேச்சுதான் வராது. தேனாம்பேட்டை ஆபீஸில் நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். வந்ததும் நேரே கொல்லைப்பக்கம். "ராணி, சாப்பிட்டியா?" நான் சாப்பிட்டேனா என்று யார் கேட்டது?

ஸ்டெல்லா அக்கா வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சிரிப்பாள். அடையாறு வரைக்கும் மீன் கூடை சுமந்து விற்றுவிட்டு வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே வம்பு பேசுவது அவளுக்கு ஒரு இளைப்பாறல். "இன்னாமே மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? அவ உனக்கு மூத்தா. நீ எளையவதான். அனுசரிச்சுப் போ."

வேடிக்கைக்குச் சொன்னாள். எனக்கு அது முள்ளாகத் தைத்தது.

அந்த வருஷம் மழை விட்டதும் ராணிக்குக் காலில் வியாதி வந்தது. கோழிக் காலில் ஓடு அடுக்கின மாதிரி செதில் படிந்திருக்கும் அல்லவா, அது ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு, அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூத்ததுபோல் தடித்துப்போனது. நொண்டி நொண்டி நடந்தது. அலகால் காலையே கொத்திக்கொண்டது. அவருடைய ஆபீஸில் நாமக்கல் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். செதிலுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடைந்துகொண்டு இருக்கும், ஊறவைத்து எண்ணெய் போட்டால் மூச்சு முட்டிச் சாகும் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார்.

ஆரம்பமாயிற்று ராஜ வைத்தியம்.

சாயங்காலம் வந்ததும் எனாமல் பேசினில் வெந்நீர் விளாவுவார். முழங்கையை முக்கிச் சூடு பார்ப்பார். சோப்பைக் கரைப்பார். கொல்லைப்படியில் உட்கார்ந்து ராணியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் இரண்டு காலையும் தண்ணீரில் விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தேய்ப்பார். முதல் நாளே அது திமிறாமல் காலைக் கொடுத்துவிட்டது. கண்ணை வேறு பாதி மூடிக்கொண்டு! அப்புறம் துடைப்பு. எதனால்? என் அம்மா சீரில் வைத்துக் கொடுத்த பூத்துவாலையால். கடைசியாகத் தேங்காயெண்ணெயும் வேப்பெண்ணெயும் சூடாக்கி, சாமி அலமாரியிலிருந்து எடுத்த கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு, விரல் விரலாகத் தடவுவார்.

"அது சாமிக்கு வச்ச கற்பூரம்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"சாமிக்குக் கால்ல சொறி இல்லையே" என்றார். கல்யாணமான பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அனேகமாக அதுதான்.

எனக்குக் கொதித்தது. உப்புக் காற்றிலும் மணலிலும் நடந்து நடந்து என் குதிகால் ரெண்டும் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. செருப்புப் போட்டால் எரியும், போடாவிட்டால் மணல் புகுந்து அறுக்கும். அதை ஒருத்தரும் கண்டுகொள்ளவில்லை. கோழிக்கு மட்டும் வெந்நீர்! இந்த மனிதருக்குக் கை இருக்கிறது, கையில் ஈரமும் இருக்கிறது, எனக்குத்தான் அதில் பங்கில்லை என்று தோன்றும். ஆயுசு முழுக்க இப்படியேதான் போகப்போகிறதா என்று பயமாகவும் இருக்கும். அந்தக் கோபத்தையெல்லாம் அம்மிக்கல்லில் காட்டுவேன். சட்னி வெண்ணெயாக அரைபடும்.

நடுவில் ஸ்டெல்லா அக்காவின் சேவலுக்கும் அதே வியாதி. இவர் வெந்நீர் வைக்கிற அழகைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "செதில்தானேப்பா? கொடுவா, சங்கரா எல்லாம் சொரண்டின கை இது. கோயி காலுக்குப் போயி சோப்பு இன்னா, துண்டு இன்னா!" என்றவள், மீன் செதில் சுரண்டுகிற கத்தியை எடுத்துச் சேவல் காலில் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டாள். மீனுக்கு அது சரி, மீன் ஏற்கெனவே செத்திருக்கும். சேவல் போட்ட கத்தலில் காக்கையெல்லாம் பறந்தது. கால் முழுக்க ரத்தம். சாயங்காலம் அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். "நைனா, தப்புப் பண்ணிட்டேன்ப்பா. இதுக்கும் உன் வைத்தியத்தப் பாரு."

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மஞ்சளைக் குழைத்துப் போட்டு, காயம் ஆறியதும் பேசினில் இறக்கினார். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் கொல்லைப்படியில் ரெண்டு நோயாளி. ஸ்டெல்லா அக்கா சேவலைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை சொல்வாள். அவர் சிரிப்பார். ஆமாம், சிரிப்பார்! அவருக்கு மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஸ்டெல்லா அக்காவுக்கு என் அம்மா வயசு. இருந்தாலும் அந்தச் சிரிப்பை அவள் வாங்கி, நான் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி ஆயிற்றே என்று மனம் வெந்தது.

வியாதியோ ஒழிந்தபாடில்லை. ராணிக்குச் சரியாகும், திரும்ப வரும். சேவலுக்குக் குறையும், மறுபடி பூக்கும். இவர் யோசித்து யோசித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழிகள் அடைகிற சாய்ப்புக்குள் புகுந்து பார்த்தார். ரெண்டு வீட்டுக் கோழியும் ராத்திரியில் ஒரே கட்டையில்தான் உட்காரும். ஸ்டெல்லா அக்கா வீட்டு உடைந்த கட்டுமரத்தின் துண்டு அது. உப்பில் ஊறி நீளநீளமாக வெடித்திருந்தது. "பூச்சி இதுலதான் குடியிருக்கு. கட்டைக்கும் சேர்த்து, எல்லாத்துக்கும் இன்னிக்கே பண்ணணும்" என்றார். ஸ்டெல்லா அக்கா மாதா கோயில் பூசை முடிந்து வந்த புடவையோடு அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சிக் கட்டையில் ஊற்றினாள். வெடிப்பெல்லாம் வேப்பெண்ணெய் பூசினோம். கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆள் போதவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தா, ராணியப் பிடிச்சுக்கோ. இறுக்காத. பயப்படும்."

அன்றுதான் என் சக்களத்தியை நான் முதன்முதலாக மடியில் வைத்துக்கொண்டேன். சூடாக இருந்தது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவர் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையில் அங்கங்கே நரை விழுந்திருப்பதை அத்தனை கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் பொறாமையை மறந்துகூடப் போனேன்.

எல்லாம் முடிந்து, ஸ்டெல்லா அக்காவும் வீட்டுக்குப் போய்விட்டாள். படியில் நாங்கள் ரெண்டு பேர். கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என் குதிகாலைப் பார்த்தார்.

"காலை நீட்டு" என்றார்.

எத்தனை சாயங்காலம் இதற்காக வெந்திருப்பேன்! நீட்டினேனா? வெடுக்கென்று ரெண்டு காலையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். "ஐயய்யோ, என்ன பண்றீங்க? புருஷன் பொண்டாட்டி காலைத் தொடலாமா? உங்க ஆயுசு குறையும்னு அம்மா சொல்லுவாங்க." வாய் தன்னால் சொன்னது. மயிலாப்பூர் சந்தில் கேட்டுக் கேட்டு ஊறிப்போனது.

நீட்டிய கையை அவர் தன் முழங்காலிலேயே துடைத்துக்கொண்டார். கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவைத்தார். "அப்ப நீயே தடவிக்கோ."

அதற்கப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் எண்ணெய் கலக்கும்போதெல்லாம் எனக்கென்று கொஞ்சம் கூடுதலாகக் கலந்து கிண்ணத்தைப் படியில் வைத்துவிடுவார். கட்டையைக் கழுவிய பிறகு வியாதி போய்விட்டது. பின்னால் கிழடாகி ராணியும் போய்ச் சேர்ந்தது. மகள் பிறந்து, அடையாறில் ஃபிளாட்டுக்கு வந்துவிட்டோம். அங்கேயும் பனிக்காலம் வந்தால் அடுப்பில் எண்ணெய் சூடாகும், கற்பூர வாசனை வரும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். நானே தடவிக்கொள்வேன்.

இப்போது பாலவாக்கத்தில் அந்த இடத்தில் கார் நிறுத்துகிற கட்டடம் நிற்கிறது. ஸ்டெல்லா அக்கா பிள்ளைகளோடு எங்கேயோ போய்விட்டாள், விலாசம் தெரியாது. காலைத் தொட்டால் ஆயுசு குறையும் என்று நான் தொடவிடாமல் காத்த மனிதரும் ரிட்டயர் ஆன கையோடு மாரடைப்பில் போய்விட்டார். அவர் கடைசியாகக் கலந்த பாட்டிலை, வீட்டை ஒழித்தபோது மகள் பழைய மருந்துகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்?

அழகு நிலையத்துப் பெண் என் காலைத் துடைத்துவிட்டுக் கையில் எண்ணெய் எடுத்தாள். புதினா வாசனை அடித்தது.

"காலைத் தளர்த்தி வைங்க ஆன்ட்டி. இழுத்துக்கிட்டே இருக்கீங்க."

குனிந்து பார்த்தேன். என் ரெண்டு காலும் தன்னால் புடவைக்குள் போயிருந்தன. ராணி ஒருநாள்கூட அவரிடமிருந்து காலை இழுத்துக்கொண்டதில்லை.