முட்டியைக் காட்டுங்க

ஞாயிறு ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே தார் ரோடு போடும் வாசனை வந்ததும் அம்மா ஞாபகம்.

காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு செங்கம் ரோட்டில் தார் ஊற்றியவள் அவள். கஞ்சி குடிக்கும் முன் ரோட்டோர ஜல்லியிலேயே முட்டி போட்டு ஜெபிப்பாள். முட்டி இரண்டும் கறுத்துக் காய்த்திருக்கும். அப்பா படுக்கையில் கிடந்தபோதும் ஒரு நாள் விடவில்லை.

அப்பா செத்த அன்று சபை மூப்பர் சொன்னார்: “உனக்கு விசுவாசம் கம்மிம்மா, அதான் போயிட்டாரு.”

“கம்மியா இருந்தா இன்னிக்கே ஜெபத்தை விட்டிருப்பேங்க ஐயா. இப்பவும் கர்த்தர்கிட்டதான் அழுவறேன்” என்றாள் அம்மா.

நான் அஞ்சாவதோடு நின்ற கொத்தனார். எங்க ஊர் வேங்கிக்காலில் பாதி வீடுகள் நான் கட்டியவை. இந்தச் சபைக் கூரையும் நான் போட்டதுதான். அதன் கீழேயே இன்று பிரசங்கியார், மகனைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் ‘விசுவாசம் கம்மி’ என்று அதே வார்த்தையைச் சொன்னார்.

எழுந்து கேட்டேன்: “ஐயா, உங்க முட்டியைக் கொஞ்சம் காட்டுங்க.”