சொர்ணம் துடைக்காத கறை

திருவரங்குளத்தில் சொர்ணத்தின் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். அடுப்பு மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது. பாத்ரூம் மூலையில் பாசி கிடையாது. தரையில் முகம் பார்க்கலாம். ஆனால் வாசல்படியில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்குக் கறை. நடுவே சூடம் எரிந்த கரி, சுற்றிலும் ஆரத்தித் தண்ணீர் காய்ந்த சிவப்பு. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். சொர்ணமும் தினமும் பார்க்கிறாள், தாண்டிப் போகிறாள், துடைக்க மாட்டேன் என்கிறாள். ஏன் துடைக்க வேண்டும்? அவளா வைத்தாள்?

புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் வருசக்கணக்கில் கூட்டிக் கழுவியவள் சொர்ணம். முகூர்த்தம் முடிந்து ஊரே ஏப்பம் விட்டுக்கொண்டு கிளம்பிய பிறகு, கக்கூஸ் கழுவ அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு நாள் அடுத்த பார்ட்டி வந்துவிட்டதென்று மேனேஜர் அவசரப்படுத்தினார். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டித் தேய்க்கச் சொன்னார். ஜன்னலே இல்லாத கக்கூஸ். கிளம்பிய புகையில் மூச்சடைத்து அங்கேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்தவளிடம் அந்த மனுசன் சொன்னது இதுதான்: “ஒடம்புக்கு ஒத்துக்கலைன்னா விட்ரும்மா. வேற ஆளு போட்டாச்சு.”

ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தப் புகை யாருக்கு ஒத்துக்கொள்ளும்? மேனேஜர் ஒரு தடவை உள்ளே போய் இழுத்துப் பார்த்திருக்கலாம்.

அன்றிலிருந்து பினாயில் வாடை பட்டாலே சொர்ணத்துக்கு இழுப்பு வந்துவிடும். வாயில் வைத்து அடிக்கிற பம்ப் எப்போதும் இடுப்பில் இருக்கும். வீட்டை எதைக்கொண்டு கழுவுவது என்று தவித்தவளுக்கு, மகளிர் குழுப் பயிற்சியில் ஒரு வழி கிடைத்தது. எலுமிச்சைத் தோல், மண்டை வெல்லம், தண்ணீர். கேனில் அடைத்து மூன்று மாதம் இருட்டில் வைத்தால் தரை துடைக்கிற தண்ணீர் தயார். தோலுக்குப் பஞ்சமில்லை. புருசன் அடைக்கலம் பஸ் ஸ்டாப்பில் சர்பத் வண்டி போட்டிருந்தான். பிழிந்த மூடிகளை அவன் பை நிறையக் கொண்டுவருவான், நன்னாரிச் சிவப்பு அதில் ஒட்டியிருக்கும். ஊறும்போது கேனுக்குள் காற்று சேரும் என்பதால், சாயங்காலம் வேலையெல்லாம் முடித்துவிட்டு மூடியைத் திருகி அந்தக் காற்றைத் திறந்துவிடுவாள். அது புஸ்ஸென்று சீறும்.

அடுத்த வீடு அமுதவல்லி வீடு. அங்கே பினாயில் ஊற்றித் துடைத்தால்தான் துடைத்த கணக்கு. தெருமுனைக்கு வாசம் அடிக்க வேண்டும். அவளுடைய மருமகள் காவ்யா முழுகாமல் இருந்தாள். புருசன் கத்தாரில். பினாயில் வாடைக்கு அந்தப் பிள்ளை குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தது. ஒரு நாள் அமுதவல்லி காலி பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு சொர்ணத்தின் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

“அந்தத் தண்ணியில கொஞ்சம் குடு சொர்ணம். யாருகிட்டயும் சொல்லிராத, கேலி பண்ணுவாளுக.”

சொர்ணம் கொடுத்தாள். காவ்யா அறையை அதில் துடைத்த பிறகு அந்தப் பிள்ளை நாலு வாய் சோறு தின்றது. பாட்டில் தீரத் தீர அமுதவல்லி வந்தாள். எப்போதும் கொல்லைப்பக்கமாகத்தான் வந்தாள்.

பிறகு ஒரு நாள் காவ்யா மயங்கி விழுந்தாள். ரத்தம் கம்மி என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பினார். காவ்யா நடந்துதான் வீட்டுக்கு வந்தாள். ஆனால் எதிர்வீட்டுப் பொற்கொடிக்கு அது போதவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் சொர்ணத்தின் கொல்லையை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தவள், அமுதவல்லியின் காதில் போய் ஓதினாள்.

“அறுத்த எலுமிச்சங்காயக் குங்குமம் தடவிக் குவிச்சு வச்சிருக்காக்கா. சாயங்காலமானா டப்பாவத் தொறக்குறா, உள்ள என்னவோ சீறுது. பிள்ள இல்லாதவ. மாசமா இருக்க பிள்ளைக்குப் பக்கத்துல இப்புடி ஒருத்தி.”

நாக்கில் நரம்பு இருக்கிறவள் பேசுகிற பேச்சா இது? அந்தப் பேச்சுத்தான் தெரு முழுக்கச் சுற்றியது. செய்வினை எடுக்கிற கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள். அவன் சொர்ணத்தின் வாசல்படியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழம் அறுத்தான், குங்குமம் தடவினான், நாலு திக்கிலும் வீசினான். அவன் அறுத்தால் பரிகாரம், சொர்ணம் ஊறப்போட்டால் செய்வினையா? கூடி நின்றவர்களில் ஒரு ஆள் கேட்கவில்லை. ஆரத்தியை ஊற்றி, கட்டி கட்டியாகச் சூடம் கொளுத்தினான். புகை உள்ளே வந்ததும் சொர்ணத்துக்கு மூச்சு இழுத்தது. பம்பைத் தேடி இடுப்பைத் தடவினாள்.

“பாத்தீங்களா, சூடத்தக் காட்டுனதும் திணறுறா,” என்றாள் பொற்கொடி.

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற சொர்ணம், கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைத் தேடினாள்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. அந்தத் தண்ணிய வாங்கித்தான நீங்களும் தொடைச்சீங்க?”

அமுதவல்லி தரையைப் பார்த்தாள். “நான் என்னத்தக் கண்டேன்,” என்று வார்த்தையை மென்று முழுங்கினாள்.

சூடப் புகையைவிட அதுதான் சொர்ணத்தின் நெஞ்சை அடைத்தது.

அதற்குப் பிறகு பங்குனி வெயிலில்கூட அடைக்கலத்தின் வண்டியில் சர்பத் குடிக்க ஆள் வரவில்லை. வாடிக்கையாகக் குடிக்கிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் பெட்டிக்கடைக்குப் போய்க் கலர் குடித்தார்கள். அவன் நிறைந்த பாட்டில்களோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

“அந்தக் கறையக் கழுவிவிட்ரு சொர்ணம். கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவங்களுக்கும் மறக்காது.”

“மறக்க வேணாங்க. நான் தொடைச்சா நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. வச்சவங்க வந்து தொடைக்கட்டும்.”

அடைக்கலம் வண்டியை ஓரமாக நிறுத்தினான். அவள் கோபம் அவனுக்குத் தெரியும், அதில் நியாயம் இருப்பதும் தெரியும்.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. அதே பொற்கொடி, வெட்கம் மானம் எதுவுமில்லாமல் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவள் வீட்டில் ஆடு ஒவ்வொன்றாகச் செத்ததாம். “ஒரு சொட்டு குடு, பட்டியில தெளிக்கிறேன். ஒங் கையில என்னவோ இருக்கு,” என்றாள். சூனியக்காரி என்று சொன்னபோதுகூட சொர்ணத்துக்கு இவ்வளவு எரியவில்லை.

“தொடைக்கிறதுக்குன்னா ஒரு கேனே தர்றேன். தெளிக்கிறதுக்கு ஒரு சொட்டு கெடையாது. போயிட்டு வா.”

பொற்கொடி முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கோடாங்கி வந்துபோன பிறகு அமுதவல்லி வீட்டில் மறுபடியும் பினாயில்தான். காவ்யா மறுபடியும் வாந்திதான். ஒரு நாள் மத்தியானத்துக்கு மேல் சொர்ணத்தின் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், முந்தானைக்குள் பாட்டிலோடு அமுதவல்லி.

“ஒரு வாய் சோறு தங்கல சொர்ணம். அந்தத் தண்ணிதான் வேணும்னு நேத்து அழுதுருச்சு பிள்ள.”

மூஞ்சியில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினால் என்ன என்று இருந்தது சொர்ணத்துக்கு. சாத்தவில்லை. காவ்யா என்ன பாவம் செய்தாள்? அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை.

“தர்றேங்க்கா. வாசப்பக்கமா வாங்க.”

“இங்கிட்டே குடேன். நான் இப்புடியே ஓரமாப் போயிருறேன்.”

“இங்கிட்டு வாங்கினதெல்லாம் ஒங்களுக்கு மறந்துபோச்சு. அங்கிட்டு வாங்க.”

அமுதவல்லி தெருவைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்ட நேரம், தெருவில் ஆள் நடமாட்டம். எதிர்வீட்டு வாசலில் பொற்கொடி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணம் ஒரு வாளியில் அந்தத் தண்ணீரைக் கலந்துகொண்டு வந்து கறைக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஒரு துணியைப் போட்டாள். நிறைத்த பாட்டிலை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“மொதல்ல இதத் தொடைங்க.”

அமுதவல்லி தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சிவப்பு சீக்கிரம் போனது. கரி போகவில்லை, அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது.

முறம் நின்றது. “என்னக்கா, அவ வாசல்ல போயி நீங்க ஒக்காந்துக்கிட்டு?” என்றாள் பொற்கொடி.

அமுதவல்லியின் கை நின்றது. சொர்ணம் நிலையில் சாய்ந்து நின்றாள், அவள் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“தண்ணி வாங்க வந்தேன்,” என்றாள் அமுதவல்லி, தலை நிமிராமல். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். “முன்னாடியும் நான்தான் வாங்குனேன், காவ்யா ரூமத் தொடைக்க. அன்னிக்கி இத்தன பேரு முன்னாடி பொய் சொன்னேன்.”

தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பொற்கொடி முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அமுதவல்லி துணியைப் பிழிந்து வாளியில் போட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பாட்டிலுக்குக் கையை நீட்டினாள்.

சொர்ணம் கொடுக்கவில்லை. குனிந்து படியைப் பார்த்தாள்.

“ஓரத்துல இன்னும் இருக்குக்கா,” என்றாள்.