இறங்கிப் பார்த்து வாங்கிய வண்டி

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறவன் ஏறி உட்கார்ந்து பார்ப்பான். எங்கள் ஊசிக்கலைத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சர் கந்தப்பன் இறங்கிப் பார்த்தார். ஐம்பத்து நாலாம் வருசம், இலங்கை மலைநாட்டு அட்டனில், பக்கீர் நானாவின் கராஜில் நான் கண்ணால் கண்டது இது. நான் அதே தோட்டத்து ஆபிசில் கிளார்க்கு. மோட்டார் சைக்கிள் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நானே ஊரெல்லாம் அளந்து வைத்திருந்ததால், என்னைத் துணைக்குக் கூட்டிப் போயிருந்தார்.

கந்தப்பன் ஆறடி மூன்று அங்குலம். கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறை ஒன்றில் பிறந்தவர். லயத்து வாசலைக் கட்டியவன் அப்படி ஒரு ஆள் வளர்வான் என்று எதிர்பார்க்கவில்லை. இடித்து இடித்து, பன்னிரண்டு வயதிலேயே தலையைத் தாழ்த்தி நடக்கப் பழகிவிட்டார். பிறகு படித்து, மருந்து வேலை கற்று, பிறந்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கே டிஸ்பென்சராக வந்தார். கால்சட்டையும் சப்பாத்தும் வந்தன, கூன் மட்டும் போகவில்லை. வெட்டவெளியில் போகும்போதும் தலைக்கு மேல் ஒரு நிலைக்கட்டை இருப்பதுபோலத்தான் நடப்பார். சனங்கள் அவரை நேரில் மருந்தையா என்பார்கள், அந்தப் பக்கம் போனதும் ஏணி என்பார்கள்.

அவருக்கு வண்டி ஆசையெல்லாம் கிடையாது. முந்தின வருசம் ஆடி மழையில், மேல்கணக்கில் ராசம்மாவின் மூத்த பிள்ளைக்கு ஜன்னி கண்டது. மேல்கணக்கு என்பது தோட்டத்தின் மேற்பிரிவு, ஆஸ்பத்திரியிலிருந்து ஆறு மைல் ஏற்றம். கந்தப்பன் நடையும் ஓட்டமுமாகப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை வெள்ளைத்துணியில் சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். ராசம்மா அழவில்லை. "நீங்க என்னா செய்வீங்க மருந்தையா, கால்தானே இருக்கு" என்றாளாம். அதை அவரே என்னிடம் சொன்னார். அந்த மாதமே காசு சேர்க்கத் தொடங்கினார், சேர்ந்ததும் லைசன்ஸ் உள்ள ஒரு டிரைவரைப் பிடித்து வண்டி ஓட்டப் பழகினார்.

ஆக, மூன்று வாரப் பழக்கத்தோடு அவரும், வாய்ச்சவடாலோடு நானும் பக்கீர் நானா முன்னால் நின்றோம். மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது சின்னது. கந்தப்பன் ஏறினார். முழங்கால் இரண்டும் கைப்பிடிக்கு மேலே வந்து நின்றன. உடனே இறங்கினார். திரும்ப ஏறினார், திரும்ப இறங்கினார். நாலாவது தடவை என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்:

"இது நல்லாருக்கு முத்துலிங்கம். சட்டுனு எறங்க முடியுது."

இரண்டாவது வண்டி உயரம். அதில் ஏறி இறங்கியபோது அவர் கால் பின்சீட்டில் மாட்டிக்கொண்டது. வேண்டாம் என்றார். மூன்றாவது, பட்டாளத்தில் ஓடிக் கழிந்த ஒரு இங்கிலாந்து நோட்டன். நீளமான உடம்பு, சுருள்கம்பி வைத்த அகலமான தோல் சீட்டு. "இது நம்ம பக்கத்து ஊரு நோட்டன் பிரிட்ஜில் செஞ்ச வண்டியா நானா?" என்று கேட்டு என் அறிவை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். பக்கீர் நானா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன்பிறகு கந்தப்பனிடம் மட்டுமே பேசினார்.

"மருந்தையா, இருவது வருசமா வண்டி விக்கிறேன். எல்லாரும் ஏறிப் பாத்துதான் வாங்குவாங்க. நீங்க என்னமோ எறங்கி எறங்கிப் பாக்குறீங்களே, ஏன்?"

கந்தப்பனுக்குக் கேள்வியே புரியவில்லை. "தொரை கார் வருமே நானா" என்றார்.

எங்களுக்கு அது விளக்கம் சொல்லத் தேவையில்லாத சங்கதி. தோட்டத்து ரோட்டில், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, குடையை மடக்கி, ஓரமாக நிற்க வேண்டும். எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதாததால்தான் யாரும் மீறவில்லை.

பக்கீர் நானா தாடியைத் தடவினார். "ஒரு நாளைக்கு எத்தன தடவ தொரை காரு வரும்?"

"ரெண்டு, இல்லாட்டி மூணு."

"மத்த நேரமெல்லாம் எங்க உக்காந்திருப்பீங்க? வண்டியிலதானே? உக்காருங்க இதுல. கூனாதீங்க, இங்க நிலையும் இல்ல, கூரையும் இல்ல. முதுக நிமித்துங்க."

கந்தப்பன் நோட்டனில் உட்கார்ந்தார். கால் இரண்டும் தரையில் முழுசாகப் பதிந்தன. கை கைப்பிடிக்குத் தானாகப் போனது. நிமிர்ந்தார். அவரை அந்த உயரத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை. ஏதோ வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். திம்புள்ளை வரை ஓட்டிவிட்டு வந்தார், இடுப்பு வலிக்கவில்லை என்றார். ஏன் வலிக்கவில்லை, சீட்டின் கம்பியாலா, கால்மிதி முன்னால் இருப்பதாலா, கையை மடக்காமல் பிடிப்பதாலா என்று பக்கீர் நானாவை ஒரு மணி நேரம் குடைந்தார். நானா சளைக்காமல் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். கடைசியில் நோட்டன்தான் என்று முடிவானது.

"ஆனா எறங்க நேரமாகுமே" என்று மட்டும் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

நேரமாகத்தான் செய்தது. துரையின் கார் வளைவில் தெரிந்ததும் கந்தப்பன் பதறிப்போய் கிளச்சை விட்டுவிடுவார். எஞ்சின் நின்றுவிடும். அந்த நீளக் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, இறங்கி, வண்டியைத் தாங்கிப் பிடித்துக் குனிந்து நிற்பார். கார் போய்விடும். துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அப்புறம் ஏற்றத்தில் உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். கொழுந்து எடுக்கும் பெண்கள் மலைமேலிருந்து சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

அடுத்த ஆடியில் ஒரு மத்தியானம், மேல்கணக்கிலிருந்து ஆள் ஓடிவந்தது. ராசம்மாவின் இளைய பிள்ளைக்குக் காய்ச்சல், வலிப்பு. கந்தப்பன் மருந்துப் பையைத் தோளில் மாட்டினார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும் என்று என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். மழை விட்டிருந்தது, ரோடு வழவழவென்று கிடந்தது. ராசம்மா இந்தத் தடவை என்ன சொல்வாள் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஓடவில்லை.

இரண்டாவது மைல் வளைவில், மேலிருந்து துரையின் கார் இறங்கி வந்தது. ஒரு வண்டிக்குத்தான் இடம். நான் யோசிக்கவே இல்லை. என் கால் இரண்டும் தாமாகவே தரைக்கு வந்துவிட்டன. சேற்றில் ஓரமாக நின்று தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அதன்பிறகுதான் பார்த்தேன், கந்தப்பன் இறங்கவில்லை.

இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றி, நடு ரோட்டில், முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. துரை ஹார்ன் அடித்தார். கந்தப்பன் நகரவில்லை. கிளச்சையும் விடவில்லை.

"பிள்ளைக்கு வலிப்பு, சார். மேல்கணக்கு. எறங்குனா எஞ்சின் நின்னுரும்."

துரை கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்றைக்கு இவர் வேலை போயிற்று, கூட வந்த என் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். துரை காரைப் பின்னால் எடுத்தார். ரோடு அகன்ற இடம் வரை போய் ஒதுங்கினார். கந்தப்பன் பக்கத்தில் வந்தபோது தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்:

"டிஸ்பென்சர், நீ இவ்ளோ உசரமா?"

ஆறு வருசமாகத் தன்னிடமே வேலை செய்துவரும் மனிதரைப் பார்த்து அவர் கேட்ட கேள்வி இது.

"ஆமாங்க சார்" என்றார் கந்தப்பன். "பொறந்ததுலருந்தே."

என்னை மறந்துவிட்டு அப்படியே மேலே போய்விட்டார். மிச்சம் நாலு மைலையும் நடந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

லயத்தை நெருங்கும்போதே பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. ஊசி போட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, வலிப்பு நின்று ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. ராசம்மா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, இந்தத் தடவை வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

கந்தப்பன் தலையைத் தாழ்த்தி வாசலுக்கு வெளியே வந்தார், வந்ததும் நிமிர்ந்தார். சேறும் வேர்வையுமாக நின்ற என்னைக் கண்டதும், பக்கீர் நானாவிடம் வண்டியைப் பற்றிக் கேட்டதுபோலவே, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்:

"ஏன் முத்துலிங்கம், வண்டி ஓட்டுனது நான்தானே? நீ ஏன் எறங்குன?"