குறட்டை நின்ற நேரங்கள்

பெங்களூருக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகத் தெரிந்தது காலை நேரத்துக் கம்பெனி பஸ். அத்திபெலேயில் ஏறி வைட்ஃபீல்ட் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், மழை பெய்தால் இரண்டு. வண்டி கிளம்பிய பத்தாவது நிமிடத்தில் உள்ளே இருக்கும் அத்தனை பேரும் தூங்கிவிடுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வாய் திறந்து, ஜன்னல் கண்ணாடியில் தலை முட்ட முட்ட. யாரும் யாரையும் எழுப்புவதில்லை. குடியாத்தத்திலிருந்து வேலூருக்குக் கல்லூரி போய்வந்த நாட்களில், பஸ்ஸில் கொஞ்சம் கண் அசந்தால் பக்கத்து சீட்டுக்காரர் தோளைத் தட்டி, "இன்னாம்மா, எங்க எறங்கணும்?" என்று கேட்டுவிடுவார். அதோடு விடாமல் உடம்புக்கு என்ன, சாப்பிட்டாயா, யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து முடிப்பதற்குள் தூக்கம் ஓடிவிடும். இங்கே அந்தத் தொந்தரவு இல்லை. எல்லோரும் தூங்கி வழிகிற இடத்தில் நான் தூங்கி வழிந்தது யார் கண்ணிலும் படவில்லை. என் கண்ணிலும் படவில்லை.

ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. கணவர் சேகருக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் அத்திபெலேயில் வீடு பார்த்தோம். காலையில் நான் கர்நாடகத்துக்குள் இன்னும் உள்ளே போவேன். அவர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போய் மாலையில் கர்நாடகத்துக்குத் திரும்புவார். மகள் யாழினி சந்தாபுராவில் பி.யு.சி. படிக்கிறாள், எங்கள் ஊர்க் கணக்கில் பிளஸ் டூ.

நாலைந்து வருடமாகவே எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம், ஆனால் என்ன சரியில்லை என்று சொல்லத் தெரியாது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் விடிய விடிய மூட்டை தூக்கியதுபோல இருக்கும். காலையில் நெற்றியைச் சுற்றி ஒரு வலி. பால் வைத்த அடுப்பை மறப்பது, சொல்ல வந்த வார்த்தை பாதியில் காணாமல் போவது. ஒரு டாக்டர் தைராய்டு பார்த்தார். இன்னொருவர் ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதினார். மூன்றாமவர், "நாப்பத்தஞ்சு வயசாகுது இல்லம்மா" என்று சொல்லிச் சிரித்தார். நான்காமவர் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டு இன்னும் கொஞ்சம் தூங்கினேன். ஒருநாள் ஆபீஸில் பெரிய வீடியோ மீட்டிங். என் முறை வருவதற்குள் தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது திரையில் என் கட்டம் கறுப்பாக இருந்தது. யாரோ புண்ணியவான் என் கேமராவை அணைத்திருந்தார். யாரென்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் என் மேலாளர் தனியாகக் கூப்பிட்டு, வேலை பிடிக்கவில்லையா என்று மிக மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதைதான் சுட்டது.

நான் குறட்டை விடுவேன் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவும் விடுவார். அப்பாவின் குறட்டை வீட்டில் கடிகாரச் சத்தம் மாதிரி, யாரும் கவனிக்கமாட்டார்கள். என் குறட்டைக்கு மட்டும் அம்மா எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்து, "திரும்பிப் படுடி" என்பாள். கல்யாணம் நிச்சயமானபோது நகை, புடவை எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியாக என்னை உள்ளே கூட்டிப்போய், "அங்க போயி கொறட்ட வுட்டு மானத்த வாங்காத" என்றாள். கல்யாணமான முதல் வருடம், சேகர் தூங்கியது நிச்சயமான பிறகுதான் கண்ணை மூடுவேன். அவருக்குக் குறட்டை பற்றித் தெரியவந்த நாளில் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் இங்கே வந்து சில வருடங்களில், காலை ஷிஃப்ட் என்று சொல்லி ஹாலில் பாய் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். ஷிஃப்ட் மாறியது. பாய் மாறவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் காரணத்தைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

இதெல்லாம் எனக்குள் கிடந்த சங்கடம். அது யாழினி மேல் போய் விழுந்தது ஒரு திங்கட்கிழமை. அன்று எனக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் அவளை ஸ்கூட்டரில் காலேஜுக்குக் கூட்டிப்போனேன். சந்தாபுரா சிக்னலில் சிவப்பு விழுந்தது. ஒரு காலை ஊன்றி நின்றது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது அவள் "ம்மா!" என்று அலறியது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, பக்கத்தில் நின்ற பைக்கின் சைலன்சரில் அவள் கணுக்கால் பட்டிருந்தது. ஐந்தாறு நொடிதான் இருக்கும், பட்டப்பகலில், சுற்றிலும் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் தூங்கியிருக்கிறேன். தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவள் அழவில்லை. மறுநாள் பையை மாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல், "நான் பஸ்லயே போய்க்கறேம்மா" என்றாள். ஆறு மாதம் பஸ்ஸில்தான் போனாள்.

அதே வாரத்தில்தான் மஞ்சுளாவோடு சண்டை வந்தது. மஞ்சுளா என் நிறுவனத்தில் வேறு பிரிவு, ஹாசன் பக்கத்துக்காரர். இரண்டு வருடமாக பஸ்ஸில் என் பக்கத்து சீட். எனக்குக் காய்கறி வாங்கும் அளவுக்குக் கன்னடம், அவருக்கு சினிமா பார்க்கும் அளவுக்குத் தமிழ். பெரும்பாலும் புன்னகையில் காலம் ஓட்டினோம். அன்று காலை அவர் என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி எழுப்பினார். முகம் வெளுத்திருந்தது. "வசந்தி, நித்தெயல்லி நிம் உசிரு நிந்தோகுத்தெ ரீ" என்றார்.

நித்தெ என்றால் தூக்கம், அது தெரியும். மீதிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் ஒருவருக்கு உசிரு நின்றுவிட்டது என்றால் அடுத்த வேலை சொந்தக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவதுதான். காலங்காத்தாலே ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, தூக்கத்தில் உனக்கு உயிர் போய்விடும் என்கிறாள். மகளின் புண் ஆறாத வாரம் அது. "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?" என்று தமிழிலேயே கத்திவிட்டு எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் அவர் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாம் நாள் அவரே எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் பேசாமல் தன் மூக்கை விரலால் அழுத்திப் பிடித்து, வாயை மூடிக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கையை எடுத்தார். "ஹீகே. நீவு ஹீகே மாடுத்தீரா" என்றார். இப்படி. நீங்கள் இப்படித்தான் செய்கிறீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நம் தந்தெகூ ஹீகே இத்து. நமகெ கொத்தாகலில்லா" என்றார். அவர் அப்பாவுக்கும் இப்படி இருந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அப்பா இப்போது இல்லை என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சொல் ஒன்றுதான். எங்கள் ஊரில் அது ஒரு முறைதான் போகும். இவர்கள் ஊரில் போய்ப் போய்த் திரும்பி வரும். "சாரி மஞ்சுளா" என்றேன். "டாக்டர்கெ தோர்சி", டாக்டரிடம் காட்டுங்கள், என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார்.

நான் போன டாக்டர் அம்மாவின் குடும்பம், தாத்தா காலத்திலேயே அரசு வேலைக்காக இங்கே வந்த தமிழ்க் குடும்பம். அவர் தமிழுக்கும் கன்னடத்துக்கும் நடுவே மூச்சு விடாமல் போய்வருவார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தாடையைத் தொட்டுப் பார்த்தார். "தாடை சின்னது உங்களுக்கு. தூங்கறப்போ தொண்டை லூஸ் ஆகி மூடிக்கும். காத்து போகாது. மூளை பயந்து எழுப்பிவிடும். உங்களுக்கு அது நெனப்பே இருக்காது."

"நான் குண்டா இல்லியே டாக்டர்?"

"எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. பொம்பளைங்க டயர்டுன்னு வந்தா எல்லா டெஸ்ட்டும் எடுப்பாங்க. எப்படி தூங்கறீங்கன்னு ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க, அல்வா?"

அல்வா என்றால் கன்னடத்தில் "இல்லையா" என்று பொருள். வந்த புதிதில் எல்லோரும் பேச்சுக்குப் பேச்சு அல்வா கேட்கிறார்களே என்று திகைத்திருக்கிறேன். அன்று திகைக்கவில்லை. ஆமாம், ஒருத்தரும் கேட்கவில்லை.

ஓர் இரவு ஆஸ்பத்திரியில் தலையிலும் மார்பிலும் ஒயர்களோடு படுத்து எழுந்தேன். ஸ்லீப் அப்னியா என்று ரிப்போர்ட் வந்தது. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று ஓர் எண் அதில் இருந்தது. அதை எழுத இன்னும் எனக்கு மனம் வரவில்லை. "நீங்க வருஷக்கணக்கா சரியா தூங்கவே இல்லம்மா" என்றார் டாக்டர் அம்மா. அங்கேயே அழுதுவிட்டேன். அவர் பயம் என்று நினைத்துத் தைரியம் சொன்னார். பயம் இல்லை. நான் சோம்பேறி இல்லை, புத்தி மழுங்கியவள் இல்லை, வேலையில் அக்கறை இல்லாதவள் இல்லை என்று ஒரு காகிதம் முதல்முறையாகச் சொல்லியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அந்த ரிப்போர்ட்டை சேகரிடம் விளக்கினேன். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பேன், திடீரென்று நிற்கும், அந்த நேரத்தில்தான் மூச்சு இருக்காது, பிறகு ஒரு திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும் என்று. அவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"சத்தம் நிக்குமே, அப்பவா?"

"ஆமாங்க."

"ஹால்ல படுத்துக் கேட்டுக்கினே இருப்பேன் வசந்தி. சத்தம் நின்னா, அப்பாடா, இப்பதான் நிம்மதியா தூங்கறான்னு நெனச்சுக்குவேன். எனக்கும் அப்பதான் தூக்கம் வரும்." கை கழுவ எழுந்து போனவர் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். எழுந்து போய்க் குழாயை மூடினேன். அன்று மாலையே பாயைச் சுருட்டிப் பரணில் போட்டார்.

சி-பேப் என்று ஓர் இயந்திரம் வந்தது. செருப்புப் பெட்டி அளவுதான். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் முகமூடி, தலையைச் சுற்றி இரண்டு பட்டைகள். விடாமல் காற்றை அழுத்தித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. நோயைத் தீர்க்காது. போட்டுக்கொண்டு படுக்கும் நாளெல்லாம் காப்பாற்றும், அவ்வளவுதான். இதை வாங்கியிருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: முதல் மூன்று வாரம் நரகம். பேருந்து ஜன்னலில் முகத்தை நீட்டிக்கொண்டு தூங்கச் சொன்னது மாதிரி இருந்தது. காலையில் பார்த்தால் முகமூடி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எப்போது கழற்றி எறிந்தேன் என்றே தெரியாது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். சேகர் கேட்கவில்லை. சாயங்காலம் டிவி பார்க்கும்போதே அதை எனக்கு மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். "பழகட்டும், பழகட்டும்" என்று பட்டையைத் தளர்த்தி இறுக்கி, எது வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். பெரிய அளவு முகமூடி தந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். மாற்றி வாங்கினோம்.

அதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை காலை விழித்தேன். தலை வலிக்கவில்லை. வெளியே குருவி கத்துவது தனியாகக் கேட்டது. ஏதோ தப்பு நடந்துவிட்டதுபோல ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தேன். முழுசாகத் தூங்கி எழுந்தால் இப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அன்று பஸ்ஸில் நான் தூங்கவில்லை. சர்ஜாபுரா சாலையில் ஒரு ஏரி இருப்பதைப் பார்த்து, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டேன். மஞ்சுளா சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. இரண்டு மாதம் கழித்து, டாக்டர் அம்மா வண்டி ஓட்டலாம் என்று சொன்ன பிறகு, யாழினி ஒரு காலையில் ஹெல்மெட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வண்டியைக் கிளப்பினேன். சிக்னலில் நின்றபோது அவள் இரண்டு கையும் என் இடுப்பைக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்திருந்தன.

போன மாதம் குடியாத்தம் போயிருந்தோம். மெஷினைப் பையில் வைத்து மடியிலேயே கொண்டுபோனேன். அம்மாவுக்குப் போனில் சொல்லியிருந்தாலும் நேரில் பார்த்ததும் பயந்துவிட்டாள். "இன்னாடி இது, ஆஸ்பத்திரியில வெக்கிற மாதிரி கீது" என்று குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள். எல்லாம் விளக்கினேன். புரிந்ததா தெரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பகல் தூக்கத்துக்கும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தேன். கண் சொருகும் நேரத்தில் எதிர்வீட்டு பத்மா அக்கா உள்ளே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்று, "ஐயையோ, பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

அம்மா அவசரமாக எழுந்தாள். மகளின் மானத்தைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு நொடி போதும். குறட்டை என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை.

"ஒண்ணும் இல்ல பத்மா. இத்தினி வருசமா பெங்களூர்லயே இருந்துட்டாளா, இந்தூரு காத்து இப்ப அவளுக்கு ஒத்துக்கல. அதான், அங்கத்துக் காத்த டப்பாவுல எடுத்தாந்துகிறா."

அதை மறுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அந்தப் பெட்டியில் எந்த ஊர்க் காற்றும் அடைத்து வைக்கப்படவில்லை. நான் படுத்திருக்கும் அறையின் காற்றைத்தான் அது இழுத்துத் தருகிறது. மத்தியானச் சமையலுக்கு அம்மா தாளித்த கடுகின் வாசனையும், தெருவில் யாரோ புதிதாக அடித்திருந்த சுண்ணாம்பின் வாசனையும் குழாய் வழியாக என் மூக்குக்கு வந்துகொண்டிருந்தன. ஆனால் இந்த முகமூடியை மாட்டியிருக்கும்போது பேச வாயைத் திறந்தால் காற்றெல்லாம் வாய்வழியே பீறிட்டு வந்துவிடும். ஒரு வார்த்தையும் வராது. பத்மா அக்கா, பெங்களூர்க்காரியை வேடிக்கை பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயை மூடிக்கொண்டு, பிறந்த வீட்டின் காற்றை ஆழமாக இழுத்தேன்.