கடைசி கேஸ்

அரசு ஆஸ்பத்திரியில் மறுநாள் ஆபரேஷன் பட்டியலை முதல் நாள் மாலையே எழுதி ஒட்டிவிடுவார்கள். குழந்தைகள் முதலில், சர்க்கரை நோயாளிகள் அடுத்து, எச்.ஐ.வி. உள்ளவர்கள் கடைசியில். முதல் இரண்டு பேருக்கும் பட்டினி ஆகாது என்று காரணம் உண்டு. மூன்றாவதற்கான காரணத்தை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. காது மூக்கு தொண்டைப் பிரிவில் தியேட்டர் நர்ஸாக இருந்த காலமெல்லாம் அந்தப் பட்டியலைச் சரிபார்த்தவள் நான். எழுத்துப்பிழை இருந்தால்கூடத் திருப்பி அனுப்புவேன். கடைசி வரியில் இருப்பவர் ஏன் கடைசி என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஓய்வுபெற்றுப் பழவேற்காட்டுக்கு வந்த பிறகு, கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவர் அதைக் கேட்டார். இதை எழுதலாமா என்று அவரிடம் அனுமதி வாங்கினேன். "பேரப் போடாம இன்னா வேணா எழுதிக்கோ சிஸ்டரு" என்றார்.

அவர் மனைவி என் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். ஒரு நாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எங்க வூட்டுக்காரருக்குக் காதுல சீழு வருது சிஸ்டர்ம்மா. நாத்தம் தாங்கல. படகுல பக்கத்துல ஒக்கார மாட்டேன்றானுங்க" என்றார்.

கூட்டிவரச் சொன்னேன். காதுக்குள் டார்ச் அடிக்கவே தேவையிருக்கவில்லை. அந்த வாடை எனக்குத் தெரியும். செவிப்பறைக்குப் பின்னால் தோல் வளர்ந்து, சுற்றியிருக்கும் எலும்பை அரித்துக்கொண்டே போகிற நோய் அது. விட்டுவைத்தால் முக நரம்பு கெட்டு வாய் கோணும். அதற்கும் மேல் விட்டால் மூளைக்குள் சீழ் இறங்கும். சொட்டு மருந்தெல்லாம் கண்துடைப்பு. காதுக்குப் பின்னால் திறந்து, எலும்பைக் கடைந்து, மொத்தமாகச் சுத்தம் செய்ய வேண்டும்.

நான் சொல்லி முடித்ததும் அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "இன்னொண்ணு இருக்குது சிஸ்டரு. எட்டு வருசமா ஏ.ஆர்.டி. மாத்திரை துன்றேன். குப்பத்துல யாருக்கும் தெரியாது" என்றார்.

எச்.ஐ.வி.க்கான அந்த மாத்திரைப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கியிருந்தது. எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தது. இந்த நிலையில் இருப்பவருக்கு ஆபரேஷன் புண் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறும், பயமில்லை என்றேன்.

"அப்போ கூறு போடலாம்ன்ற" என்றார்.

சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் தடவை, பச்சை அங்கி மாட்டி, தண்ணீர்கூடக் குடிக்காமல், மத்தியானம்வரை காத்திருந்தார். "டைம் ஆயிடுச்சு, அடுத்த வாரம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவையும் அதே அங்கி, அதே பட்டினி, அதே வாக்கியம். இரண்டு தடவையும் பட்டியலில் அவர் கடைசி. கேட்டதற்கு, இவருக்குச் செய்த பிறகு தியேட்டரை விசேஷமாகச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குச் செய்தாலும் அதே சுத்தம்தான், அதே கையுறை, அதே கண் கவசம்தான் என்று தியேட்டர் வாசலிலேயே ஒட்டியிருக்கிறது. எலும்பைக் கடையும்போது ரத்தமும் தூளும் தெறிக்கும், யார் எலும்பானாலும். நோய் இருப்பது தெரிந்தவர் வந்தால் கண் கவசத்தைத் தேடுகிறவர்கள், தெரியாதவர் வந்தால் அதை நெற்றியில் ஏற்றிவிட்டுக் குனிகிறார்கள். ஆபத்து எந்தப் பக்கம் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். நானும் போடாதவள்தான்.

அதற்கடுத்த வாரம் அவர் படகில் நின்றபடியே தலைசுற்றி ஏரியில் விழுந்தார். உள்காதுவரை அரித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். இனி மூன்றாவது தடவை திரும்பி வரக்கூடாது.

மனு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. சட்டம், பிரிவு, நகல் யார் யாருக்கு என்று மூன்று பக்கம் எழுதி அவரிடம் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதுல என் நோவு பேரு வருதா?"

"வராம எப்படி?"

"எத்தினி டேபிள் தாண்டணும் இந்தக் காயிதம்?"

எண்ணிப் பார்த்தேன். ஏழு.

"எட்டாவது டேபிள் எங்க குப்பம், சிஸ்டரு" என்றார். மனுவை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். சட்டத்தில் எல்லாம் இருந்தது, அவருக்கு வேண்டியது மட்டும் இல்லை.

மூன்றாம் தடவை சேர்த்த அன்று மாலை, பெரிய டாக்டர் வார்டைச் சுற்றி வந்தார். கூடவே பட்டியலைப் பிடித்தபடி இளம் டாக்டர். சுற்றிலும் நோயாளிகள், உறவுக்காரர்கள், காதுகள். இவர் கட்டிலிலிருந்து எழுந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். நாளைக்கு நான் எத்தினாவது?"

இளம் டாக்டர் பட்டியலைப் பார்க்காமலே, "கடைசி" என்றார்.

"ரெண்டு தபாவும் கடைசிதான் சார். எங்க ஏரியில பாடுன்னு ஒண்ணு இருக்குது. எந்த எடத்துல யாரு வலை கட்டறதுன்னு முறை. நல்ல எடமும் வரும், மட்டமான எடமும் வரும். இன்னிக்குக் கடைசி எடம் கெடச்சவனுக்கு நாளைக்கு வேற எடம். ஒருத்தனுக்கே எப்பவும் கடைசின்னா, அது முறையில்ல சார். அதுக்குப் பேரு வேற."

நோயின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது ஒன்றும் பாக்கியும் இல்லை. பக்கத்துக் கட்டில்காரர், "நாயந்தானே" என்றார், என்ன நியாயம் என்று தெரியாமலே.

பெரிய டாக்டர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இவர் ஏன் கடைசி?" என்று கேட்டார். இளம் டாக்டர் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். அந்தக் கேள்வி எனக்கும்தான்.

"தலைசுத்தல் வந்த காது. இதுக்கு மேல தள்ளக்கூடாது" என்று பேனாவை எடுத்தார் பெரிய டாக்டர். "நாளைக்கு முதல் கேஸ் நீதான்பா."

"மொதல்ல வேணாம் சார்." எதிர்க் கட்டிலில் டான்சிலுக்காகச் சேர்ந்திருந்த ஐந்து வயதுப் பெண்ணைக் காட்டினார். "அது பசி தாங்காது. ரெண்டு நாள் பட்டினி கெடந்தவன், எனக்குத் தெரியும். அதுக்கு அடுத்து என்னப் போடு."

எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிற வரிசைதான் அது. புத்தகத்தை அவர் பார்த்ததுகூட இல்லை. பயிற்சிக்கு வந்த எத்தனையோ மாணவிகள் அதை ஒப்பித்து என்னிடம் தேர்வானார்கள், யாருக்காகவும் எனக்கு இவ்வளவு நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

மறுநாள் இரண்டாவதாக உள்ளே போனார். பின்னாலேயே போக எத்தனித்த என்னை, "சொந்தக்காரங்க வெளியே இருங்கம்மா" என்று தடுத்தாள் ஓர் இளம் நர்ஸ். சரியாகத்தான் செய்தாள். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பேன். அவர் மனைவியோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் கேட்கக் கேட்க, இப்போது திறப்பார்கள், இப்போது கடைவார்கள், இப்போது நரம்பின் பக்கத்தில் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். "போதும் சிஸ்டர்ம்மா, கம்முனு இரு" என்றார் கடைசியில்.

மாலையில் தலையைச் சுற்றிக் கட்டுடன் வார்டுக்கு வந்தார். நோய் முழுக்க எடுத்தாகிவிட்டது, அந்தப் பக்கம் பாதிதான் கேட்கும் என்றார் பெரிய டாக்டர். முக நரம்பு மேல் எலும்பே இல்லை, ஒட்டிக்கொண்டிருந்ததை உரித்து எடுத்தோம் என்றார். பிறகு அவர் முகத்தருகே குனிந்தார்.

"கண்ணை இறுக்கி மூடு."

மூடினார். இரண்டும் மூடின.

"இப்ப பல்லைக் காட்டிச் சிரி."

"இன்னாத்தப் பாத்து சார் சிரிக்கிறது?"

"தோ, என்னப் பாத்து சிரி" என்றார் மனைவி. "கண்ணாலத்தன்னிக்கே சிரிக்காத மூஞ்சி, இன்னிக்காவது சிரிக்கட்டும்."

சிரித்துவிட்டார். வாயின் வலது ஓரத்தைப் பார்த்தேன், பிறகு இடது ஓரத்தை. இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறியிருந்தன. தொழில் பழக்கத்தில் இன்னொரு தடவை சரிபார்த்தேன். பெரிய டாக்டர் கேஸ் தாளில் 'முக நரம்பு இயல்பு' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அவர் மனைவி மட்டும் திருப்தியில்லாமல், "இன்னொரு வாட்டி சிரி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.