தயிர்சாத ஜிம்மிக்குப் பச்சைக்கறி

கறிக்கடைக்காரனுக்கு வெட்டத்தான் தெரியும்னு நினைக்காதீங்க. எந்த வீட்ல விருந்து, எந்த வீட்ல காய்ச்சல்னு எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். எழுபதுகளோட கடைசியில, கோரிப்பாளையத்துல நான் கடை போட்டிருந்தப்ப, ஒரு கிழட்டு நாயோட வயித்துப்பாடும் என் தலையில வந்து விழுந்துச்சு. வயசான நாய் வளர்க்கிற உங்களுக்கு இந்தக் கவலை புதுசில்ல.

பொரியல் அளவு

விளாங்குடியில இருந்து பஸ் ஏறி ஒரு ரிட்டையர்டு டீச்சரம்மா வந்தாங்க. ஐயர் வீட்டுக்காரங்க. அங்கேயே வாங்கினா தெருவே பார்க்கும்னு இம்புட்டுத் தூரம் வந்திருக்காங்க. வீட்டுக்காரர் தவறிட்டாரு, பிள்ளைங்களும் இல்ல. துணைக்கு ஜிம்மி மட்டும்தான். அதுக்கு இப்ப கிட்னி கெட்டு, எதையும் தொடமாட்டேங்குதாம். உப்புப் போட்டதை நிறுத்திட்டு, எலும்பு, ஈரல், கொழுப்பு இல்லாத பச்சைக்கறி கொஞ்சமா குடுத்துப் பாருங்கன்னு மாட்டு டாக்டர் சொல்லியிருக்காரு. தின்னாத்தான் பிழைக்கும்.

"எப்படி வெட்டணும்மா?"ன்னு கேட்டேன். கறிப்பக்கமே திரும்பாம, ரோட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "பீன்ஸ் பொரியலுக்கு நறுக்கற மாதிரி, பொடிசா."

கரண்டி

மறுநாள் முகம் வாடி வந்து நின்னாங்க. பிறந்ததுல இருந்து தயிர்சாதத்துல வளர்ந்த நாய்ங்க அது. கறியை மோந்து பார்த்துட்டு, 'சாப்பாடு எங்கே'ங்கிற மாதிரி இவங்க மூஞ்சியைப் பார்த்திருக்கு. எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. அந்தம்மா கண்ணு கலங்கியிருந்ததைப் பார்த்து அடக்கிக்கிட்டேன்.

எதுல வச்சீங்கன்னு கேட்டா, நீளக் கரண்டியிலன்னாங்க. கூட வெட்டுற என் மச்சான், "கையில வச்சு ஊட்டுங்கம்மா, திங்கும்"னாரு. அந்தம்மா கறியைத் தூக்குவாளியில வாங்கிக்கிட்டுக் கிளம்பினாங்க. அடுத்த நாள் வந்தப்ப முகமே வேற: "கையைச் சோப்புப் போட்டு அலம்பிண்டே இருக்கேன் பாய். ஆனா அது ஒண்ணு விடாமத் தின்னுடுத்து."

தொழுகைக்கு முன்னாடி

கொஞ்சம் தேறினதும் ஜிம்மியை ரிக்ஷாவுல வச்சுக் காட்ட வந்தாங்க. மூஞ்சியெல்லாம் நரைச்சு, பாவம், மெதுவா வாலை ஆட்டுச்சு. நான் கிட்டப் போயிருக்கக் கூடாது. கறி வாசம் அடிக்கிற கையை எந்த நாய் விடும்? நக்கித் தள்ளிருச்சு. எங்களுக்கு நாய் எச்சில் பட்டா நல்லாக் கழுவாம தொழுகைக்கு நிக்க முடியாது. பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற நேரம் வேற. நான் கையை அந்தரத்துல தூக்கிக்கிட்டு நிக்க, டீச்சரம்மா சேலை முந்தியில வாயைப் பொத்திச் சிரிச்சாங்க: "கறியைத் தொட்டப்போ எனக்கும் இப்படித்தான் இருந்தது பாய்."

பக்ரீத் அன்னைக்கு

அன்னைக்குக் கடை லீவு. தினமும் வர்ற டீச்சரம்மாகிட்ட சொல்ல மறந்துட்டோம். கடைக்குப் பின்னாடி இருக்கிற எங்க வீட்டு வாசல்ல தூக்குவாளியோட நின்னுக்கிட்டு, "பண்டிகை நாளா? போய்ட்டு வரேன்"னு கிளம்பப் பார்த்தாங்க. ஒருநாள் பட்டினி கிடந்தா ஜிம்மி எந்திரிக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குர்பானி குடுத்த ஆட்டுக்கறியை நமக்கு, சொந்தத்துக்கு, ஏழைக்குன்னு மூணு பங்கு வைப்போம். இது எதுல சேரும்னு நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன், உள்ள இருந்து என் சம்சாரம் குரல் குடுத்தா: "நம்ம பங்குல எடுங்க. ஈரல் சேர்ந்துறாமப் பாருங்க, ஜிம்மிக்கு ஆகாது."

கூட்டத்துக்கு நடுவுல

மாசி தாண்டாதுன்னு டாக்டர் சொன்ன நாய், சித்திரைத் திருவிழா முடியிறவரைக்கும் இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, கடையில நிக்க இடமில்ல, டீச்சரம்மா வெறுங்கையோட வந்தாங்க. பார்த்ததுமே விளங்கிருச்சு. கத்தியைக் கீழே வச்சுட்டுத் துண்டால கண்ணைத் தொடைச்சேன். எத்தனையோ பேருக்குக் கறி போட்டிருக்கேன், யாருக்காகவும் கடையில நின்னு அழுததில்ல. அவங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க: "மத்தவாகிட்ட சொன்னா, 'நாய்தானே'ன்னு சொல்லிடுவா. இன்னிக்குச் சாப்டுதான்னு தினமும் கேட்டவர் நீங்கதான் பாய். அதான் பஸ் ஏறி வந்தேன்."

என் கறியைச் சாப்பிட்டவங்க இத்தனை வருஷமா குறைதான் சொல்லியிருக்காங்க, கும்பிட்டு நன்றி சொன்னது அதை வாயில வைக்காத அந்த ஒரு டீச்சரம்மாதான்.