ஜமீன் அம்மாள் படம் சகிதம்

முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அளக்க முடியாத எதையும் நம்பியதில்லை. பேய்க்கதை சொன்ன பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்றும் தெரியும். ஆனாலும் அளவுகளைக் கவனியுங்கள்.

தூத்துக்குடியில் துறைமுகம் போகும் வழியில் எங்கள் வீடு. ஒரு முத்து வியாபாரி கட்டியது. உள்ளறையில் ஒரு ஜமீன் அம்மாளின் ஆளுயர எண்ணெய்ச் சாயப் படம். பட்டுப்புடவை, ஏழு வடம் முத்துமாலை, சிரிக்காத முகம். ஜமீன் நொடித்தபோது வியாபாரி வாங்கி வந்தாராம். அவருக்குப் பிறகு உப்பள முதலாளி, பிறகு ஒரு கப்பல் ஏஜெண்டு, நான்காவதாக நான். மூன்று கிரயப் பத்திரங்களிலும் 'கதவு, நிலை, கிணறு, ஜமீன் அம்மாள் படம் சகிதம்' என்றே இருக்கிறது. விற்றுப் போன ஒருவரும் படத்தை எடுத்துப் போகவில்லை. வாங்கும்போது எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

போன வருடம் என் மனைவி எஸ்தருக்கு மூச்சிரைப்பு முற்றியது. உப்புக்காற்றை விட்டுப் போங்கள் என்றார் டாக்டர். கோயம்புத்தூரில் மகள் இருக்கிறாள். வீட்டை வாங்க வந்தவர், படம் மட்டும் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றார்.

காலை பதினோரு மணிக்குச் சுயம்பு ஆசாரி வந்தார். படம் நாற்பது அங்குல அகலம், வாசல் நாற்பத்து நான்கு. வெளியே நடைவழி குறுகல் என்பதால் படத்தைத் திருப்ப முடியாது, நிமிர்த்தி அகலவாட்டிலேயே தள்ள வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன் வெள்ளையடிக்க அப்படித்தான் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே வைத்தோம். இந்த முறை ஆசாரி நடையிலிருந்து இழுத்தார், நான் உள்ளேயிருந்து தள்ளினேன், வாசலுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது.

"சார், நீங்க அங்கன இருந்து இழுக்கியளா?"

"நான் தள்ளுதேன்டே!"

"அப்ப யாரு இழுக்கா?"

பக்கத்துக்கு இரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். பக்கத்திலும் மேலேயும் கீழேயும் என் விரல்கூட நுழையவில்லை. அறைக்கு ஜன்னலோ வேறு வாசலோ கிடையாது, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு மட்டும். அந்த அம்மாள் முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில். அப்போதுதான் நடையில் எஸ்தருக்கு இரைக்க ஆரம்பித்தது. இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது.

"ஏங்க... அதக் குடுங்க..."

தோளால் இடித்தேன், சட்டத்தை உதைத்தேன், அசையவில்லை. எஸ்தரின் மூச்சை எண்ணினேன். நாற்பதுக்கு மேல் எண்ணத் தைரியமில்லை. படத்தின் கண்களைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன், வாய் திறக்கவில்லை, சத்தியமாக: நாங்கள் போகவில்லை.

ஆசாரி ஒற்றை விரலால் தொட்டாராம், படம் என் பக்கம் நகர்ந்து வந்தது. ஓரங்களில் இரண்டிரண்டு அங்குலம் வெளிச்சம் விழுந்தது. மருந்தை எஸ்தர் கையில் வைத்தேன். பிழைத்தாள்.

கிரயத்தை நிறுத்திவிட்டேன். விலை படியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன், எஸ்தரிடமும்தான். உண்மைக் காரணம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் அழுதாள், வீடு கிடக்கட்டும், நீங்கள் இரண்டு பேரும் கிளம்பி வாருங்கள் என்று. எஸ்தர் இரைத்துக்கொண்டே போனை வாங்கினாள்.

"எப்படிளா வர முடியும்? அன்னைக்கு அப்பா அவ்வளவு சத்தமா சொன்னாவல்லா, நாங்க போகலன்னு."